எந்தச் சேவலை நிறுத்துவது?



இன்றைய பேச்சு விடலைச் சேவல்களைப் பற்றியது. நேற்றுவரை தாய்க்கோழியோடு குப்பையைக் கிளறித் திரிந்த குஞ்சுதான். நான்கு மாதம் தாண்டுகிறது. கொண்டை சிவக்கிறது, தொண்டை உடைகிறது, அரைகுறையாக ஒரு கூவல் வருகிறது. சில நாளில் பெட்டைகளைத் துரத்த ஆரம்பித்துவிடுகிறது. வயதான பெட்டை, இன்னும் முட்டையிடாத வெடைக்கோழி, குஞ்சோடு திரியும் தாய் என்று எதையும் பார்ப்பதில்லை. பிடரியைக் கவ்வி இழுக்கிறது, முதுகில் ஏறி மிதிக்கிறது. விடலைகள் நாலைந்து சேர்ந்துவிட்டால் ஒரு மாதத்துக்குள் பெட்டைகளின் முதுகு மொட்டையாகிவிடும். விடிந்தாலும் கூட்டை விட்டு இறங்க அவை பயப்படும். முட்டை குறையும்.

அப்போது வீட்டில் என்ன பேச்சு எழுகிறது? "இது முரட்டுச் சேவல், பிடித்துக் குழம்பு வைத்துவிடலாம்." குழம்பு வைப்பதில் தவறில்லை. ஆனால் அடுத்த ஈட்டில் பொரித்த சேவல்களும் அதையே செய்கின்றனவே, அது ஏன்? அதற்கடுத்த ஈடும் அப்படியே நடந்துகொள்கிறதே, அது ஏன்? குற்றம் சேவலின் குணத்திலா, கூட்டத்தை வைத்திருக்கும் முறையிலா? இதற்கு விடை தேடுவதே இன்றைய பேச்சு.

விடைக்கு முன் நம் வட்டாரத்தைப் பாருங்கள்: கோல சிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங், வடக்கே சபாக் பெர்ணம். இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் மரம் மாறிவிட்டது. பால் மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. வீடும் மாறிவிட்டது. லயத்தில் பிறந்தவர்கள் பலர் இன்று தாமானிலும் அடுக்குமாடியிலும் குடியிருக்கிறார்கள். அத்தனை மாற்றத்துக்கும் பிறகு கொல்லையில் கம்பத்துக் கோழியை விடாமல் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதன் அருமையை நாடே உணர்ந்த நாள்கள் உண்டு. 2022 ஜூன் 1 முதல், மாதத்துக்கு 36 லட்சம் கோழிகள் வெளிநாடு போவதை மலேசிய அரசு நிறுத்தியது. கோழிக்குத் தட்டுப்பாடு, விலையோ ஏற்றம். கொல்லையில் பத்துப் பெட்டையும் ஒரு நல்ல சேவலும் வைத்திருந்த வீடு அந்த நேரத்தில் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்!

பத்துப் பெட்டையும் ஒரு நல்ல சேவலும். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கொல்லையில் உண்மையில் இருக்கும் கணக்கைப் பார்ப்போம். ஒரு வீட்டில் எட்டுப் பெட்டை, ஒரு சேவல். இரண்டு பெட்டைகள் ஒரே மாதத்தில் அடை உட்காருகின்றன. 21 நாளில் ஆளுக்குப் பத்துக் குஞ்சு பொரிக்கின்றன. குஞ்சுகளில் ஏறக்குறையப் பாதி சேவலாகத்தான் இருக்கும். உடும்புக்கும் பருந்துக்கும் சில போனாலும் ஏழெட்டுச் சேவல்கள் மிஞ்சும். ஐந்து மாதம் கழித்து அந்தக் கொல்லையில், பருவம் வராத வெடைகளை விட்டுவிட்டால், எட்டுப் பெட்டைக்கு எட்டுச் சேவல்! வாலிப வயதுச் சேவல் ஒரு நாளில் 10 முதல் 30 முறைவரை பெட்டைகளை மிதிக்கக் கூடியது. அந்தப் பாரம் முழுவதும் எங்கே இறங்கும்? எட்டுப் பெட்டைகளின் முதுகில் இறங்கும். எல்லா முதுகிலும் சமமாக இறங்காது. சட்டென்று பதுங்கிக் கொடுக்கும் பெட்டையைத்தான் எல்லாச் சேவலும் தேடிப் போகும். அப்படிப் பதுங்குவது பெரும்பாலும் நன்றாக முட்டையிடும் பெட்டை. ஆக, வீட்டின் சிறந்த பெட்டைதான் முதலில் புண்படுகிறது.

காட்டில் இப்படி நடக்கிறதா? காட்டுக்கோழி இந்த மண்ணின் பறவை. காட்டோரத்திலும் செம்பனைத் தோட்டங்களிலும் விடியற்காலையில் அதன் சுருக்கமான கூவலைக் கேட்டவர்கள் இங்கே இருப்பீர்கள். உலகத்து வீட்டுக்கோழிகள் அனைத்துக்கும் முன்னோர் இந்தச் செங்காட்டுக்கோழி இனமே. 2020இல் வெளியான பெரிய மரபணு ஆய்வு ஒன்று, வடதாய்லாந்து, மியன்மார், தென்மேற்குச் சீனா ஆகிய பகுதிகளில் வாழும் அதன் கிளையினத்தையே வீட்டுக்கோழியின் முதன்மையான மூதாதை என்று கண்டது. காட்டுக்கோழிக் கூட்டத்தில் ஒரு பெரிய சேவல் சில பெட்டைகளோடு திரியும். வளர்ந்துவரும் இளஞ்சேவல்கள் ஓரத்துக்குத் தள்ளப்படும், விலகிப் போய்விடும். அவற்றுக்குப் போக இடம் இருக்கிறது. கொல்லைச் சேவலுக்குப் போக இடம் ஏது? நாலு பக்கமும் வலை. பெரிய சேவலிடம் அடி வாங்கிய விடலை அங்கேயே சுற்றிச்சுற்றி வருகிறது. அது பெட்டையைப் பின்புறமாக வந்து மடக்குவதற்கு இந்த நெருக்கடி ஒரு காரணம்.

இன்னொரு காரணம் வயது. சேவலுக்கும் பெட்டைக்கும் பருவம் ஒரே நாளில் வருவதில்லை. கம்பத்துச் சேவல் நாலு, நாலரை மாதத்தில் மிதிக்கப் பார்க்கும். அதோடு பொரித்த வெடைக்கோழி முட்டைக்குத் தயாராக ஐந்து, ஆறு மாதம் ஆகும். இடைப்பட்ட அந்த நாள்களில் சேவலுக்கு வேகம் இருக்கிறது, வெடைக்கோழிக்கு இணக்கம் இல்லை. பருவம் வராத வெடை பதுங்காது, ஓடும். ஓடினால் சேவல் துரத்தும். துரத்திப் பிடித்தால் புண்படும். முதுகுக் காயங்கள் பல இந்த இடைவெளியில் வருபவை. இந்த இடைவெளியைக் கடத்திவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது.

மூன்றாவது காரணம் நாம் வாழும் இடம். குளிர்நாடுகளில் பகல் குறுகும் மாதங்களில் சேவலின் வேகம் தணியும், பெட்டை முட்டையை நிறுத்தும். கூட்டம் முழுவதற்கும் ஓய்வு கிடைக்கும். கோல சிலாங்கூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மூன்று பாகையிலேயே இருக்கிறது. இங்கே ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் அரை மணி நேர வித்தியாசம்கூட இல்லை. சேவலுக்கு ஓய்வுக் காலமே கிடையாது. இறகு உதிர்க்கும் நாள்களும் அடையில் இருக்கும் நாள்களுமே பெட்டைக்குக் கிடைக்கும் விடுமுறை. அங்கே எழுதிய கோழி வளர்ப்பு நூலை அப்படியே இங்கே பின்பற்றினால் பெட்டைதான் கஷ்டப்படும்.

சரி, நல்ல சேவல் எப்படி நடந்துகொள்ளும்? மாலை வெயில் சாயும் நேரத்தில் கொல்லையில் நின்று பார்த்தால் தெரியும். கோழிகள் அதிகமாக இணைவதும் அந்த நேரத்தில்தான். நல்ல சேவல் புழுவையோ நெல்மணியையோ கண்டால் தான் விழுங்காது. கொத்தி எடுக்கும், கீழே போடும், மறுபடி எடுக்கும், "டுக் டுக் டுக்" என்று அழைக்கும். பெட்டை வந்து தின்னும்வரை காத்திருக்கும். பிறகு ஒரு சிறகைத் தாழ்த்தி, மண்ணில் உரச, பெட்டையைச் சுற்றி அரைவட்டமாக ஆடி வரும். பெட்டைக்கு இஷ்டமானால் பதுங்கும். இல்லையென்றால் நகர்ந்து போய்விடும். நல்ல சேவல் அதை விட்டுவிட்டு இரையைத் தேடப் போகும்.

இந்த அழைப்பையும் ஆட்டத்தையும் ஆராய்ச்சியாளர்கள் ஆண்டுக்கணக்காகப் பார்த்திருக்கிறார்கள். சிட்னியின் மக்குவாரி பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் எவன்ஸ், கேரலின் சுமித் ஆகியோரின் குழு ஒரு சுவையான செய்தியைக் கண்டது. தாழ்ந்த நிலையில் இருக்கும் சேவலும் பெட்டைக்கு இரை காட்டி அழைக்கிறது. ஆனால் பெரிய சேவல் பக்கத்தில் கவனமாக இருந்தால், சத்தமே போடாமல் தலையை மட்டும் ஆட்டி அழைக்கிறது. சத்தம் போட்டால் அடி விழும் என்று அதற்குத் தெரியும்!

பெட்டை மட்டும் கையாலாகாத பிராணியா? அதுவும் இல்லை. சுவீடனில் வளர்ந்த கோழிக் கூட்டங்களை ஆராய்ந்த தொம்மாசோ பித்சாரியும் டிம் பர்க்ஹெட்டும் 2000ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தாழ்நிலைச் சேவல் பலவந்தமாக மிதித்துவிட்டால், அதன் விந்தைப் பெட்டையே வெளியேற்றிவிடுகிறது என்று காட்டினார்கள். பிடிபட்ட பெட்டை போடும் கூச்சல் பெரிய சேவலை ஓடிவரச் செய்கிறது என்பதையும் பித்சாரி அடுத்த ஆண்டு எழுதினார். அந்தக் கூச்சல் நம் காதுக்கும் புதிதல்ல. பெட்டை அலறியதும் கொல்லையின் மறுகோடியிலிருந்து பெரிய சேவல் பாய்ந்து வந்து விடலையை விரட்டுவதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்!

இங்கேதான் பல வீடுகளில் பிழை நடக்கிறது. "கிழச் சேவல், இனி எதற்கு?" என்று முதலில் அதையே அறுத்துவிடுகிறார்கள். மறுநாள் கூட்டத்தில் காவல் இல்லை. ஒரே வயதுள்ள ஐந்து விடலைகள், அவற்றை அடக்க யாரும் இல்லை. பெட்டை அலறினால் ஓடிவருவதற்கும் யாரும் இல்லை. கூட்டத்துக்குள் யார் மேல், யார் கீழ் என்ற வரிசை இருப்பதை நோர்வே நாட்டு ஆராய்ச்சியாளர் தோர்லைஃப் ஷெல்டெரூப்-எப்பே 1922இலேயே எழுதிவைத்தார். அந்த வரிசையின் தலையை வெட்டினால் வரிசை முழுவதும் கலைந்துவிடும். மூத்த பெட்டைகளும் அப்படித்தான். அதிகப்பிரசங்கித்தனம் செய்யும் விடலையைக் கொண்டையில் ஒரு கொத்துக் கொத்தி ஓட்டுவது நாலைந்து வயதுப் பெட்டைதான். பெரிய கோழிகளே இல்லாமல் கூண்டில் தனியாக வளர்ந்த சேவல்களைத் திடீரென்று பெட்டைகளிடம் விட்டால் முரட்டுத்தனம் கூடுவதை வளர்ப்பவர்கள் பலர் கண்டிருக்கிறார்கள்.

இனி, வளர்ப்பவரின் பங்கைப் பார்ப்போம்.

கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் சூசன் மில்மன், இயன் டங்கன் முதலியோர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, கோழி வளர்க்கும் எவரும் அறிந்திருக்க வேண்டியது. இறைச்சிக் கோழிகளின் தாய்க்கூட்டத்தில் இருக்கும் சேவல்கள், முட்டைக்கோழி இனச் சேவல்கள், சண்டைக்கென்றே வளர்த்த இனத்தின் சேவல்கள் ஆகிய மூன்று வகையையும் ஒப்பிட்டார்கள். பெட்டைகளிடம் யார் முரடாக இருந்திருப்பார்கள்? சண்டைச் சேவல் என்றுதானே தோன்றும்? சண்டைச் சேவல் மற்றச் சேவலிடம்தான் சீறியது. பெட்டையைக் கொத்தி, விரட்டி, புண்படுத்தியது இறைச்சிக் கோழிச் சேவல். பசியில் வைத்திருப்பதால் இப்படியோ என்றும் சோதித்தார்கள். பசி காரணமில்லை என்று தெரிந்தது.

எடை, எடை, எடை என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த இனம் அது. அந்தத் தேர்வில் சேவல் பெட்டையிடம் எப்படி நடந்துகொள்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. இந்தப் பெரிய பண்ணைக் கதை நம் கொல்லைக்குப் பொருந்துமா? நன்றாகப் பொருந்தும். ஏனென்றால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தேர்வு நடந்துகொண்டே இருக்கிறது.

தீபாவளி வருகிறது. கொழுத்த சேவலைப் பிடிக்கிறோம். முனியாண்டிக்கு நேர்த்திக்கடன் இருக்கிறது. உடம்பில் ஊனமில்லாத அழகான சேவலைத் தேர்ந்து காணிக்கையாகக் கொடுக்கிறோம். சாமிக்குக் குறையுள்ளதைக் கொடுக்க யாருக்கு மனம் வரும்? விற்க வேண்டியிருந்தால், நல்ல விலை போகும் சேவலை விற்கிறோம். இவ்வளவும் போனபின் கூட்டத்தில் மிஞ்சுவது யார்? எந்தக் கையிலும் சிக்காமல் ஓடிய முரடன், அல்லது யாரும் வேண்டாமென்று விட்ட நோஞ்சான். அடுத்த ஆண்டுக் குஞ்சுகள் அத்தனைக்கும் அதுவே தகப்பன்! நாமே நல்லதை எடுத்துவிட்டு, மிச்சத்தைத் தகப்பனாக்கி, பிறகு "சேவல் முரடு" என்று குறை சொல்கிறோம்.

ஆகவே முதல் வேலை, நிற்கப் போகும் சேவலை முதலில் தேர்வது. பண்டிகைக்கும் காணிக்கைக்கும் அதற்குப் பிறகுதான் கை நீள வேண்டும். எதைப் பார்த்துத் தேர்வது? இரை கண்டால் பெட்டையை அழைக்கிறதா? சிறகு தாழ்த்தி ஆடுகிறதா? பெட்டை விலகினால் விட்டுவிடுகிறதா? பருந்து நிழல் தெரிந்தால் குரல் கொடுக்கிறதா? குஞ்சுகளைக் கொத்தாமல் இருக்கிறதா? சாப்பாடு வைக்கும் கையின்மேல் பாயாமல் இருக்கிறதா? இவற்றைப் பாருங்கள். எடையைக் கடைசியில் பாருங்கள். ஐந்து மாதத்தில் முடிவு கட்டிவிடவும் வேண்டாம். அந்த வயதில் ஆடத் தெரியாமல் பாயும் விடலை, ஓராண்டு நிறையும்போது நிதானப்படுவதும் உண்டு. சந்தேகம் இருந்தால் இரண்டைத் தனியே வைத்துப் பொறுத்திருந்து பாருங்கள்.

யார் மேலே, யார் கீழே என்று அறிய எளிய வழி ஒன்று இருக்கிறது. விடியற்காலையில் காது கொடுத்துக் கேளுங்கள். சேவலின் உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருந்து விடியலுக்கு முன் அதைக் கூவவைக்கிறது என்று ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் சிம்முராவும் யோஷிமுராவும் 2013இல் காட்டினார்கள். 2015இல் இன்னொன்றையும் கண்டார்கள். பல சேவல்கள் சேர்ந்திருக்கும்போது முதலில் கூவுவது தலைமைச் சேவல். மற்றவை வரிசைப்படி பின்னால் கூவுகின்றன. கூவும் வரிசை ஒரு வாரத்துக்குள் மாறியிருந்தால், கூட்டத்தில் அதிகாரம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். அந்த நாள்களில் பெட்டைகளைக் கூடுதலாகக் கவனியுங்கள்.

இரண்டாவது வேலை, பிரிப்பது. பதினாறு வாரம் ஆனதும், கூவப் பழகும் நேரத்தில், விடலைகளைப் பெட்டைகளிடமிருந்து பிரித்துத் தனி அடைப்பில் விடுங்கள். பெட்டை கண்ணில் படாத மூலையாக இருந்தால் நல்லது. கூடப்பிறந்த சேவல்கள் பெட்டை இல்லாத இடத்தில் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். அதில் ஒன்றை வெளியே எடுத்துச் சில நாள் கழித்துத் திரும்ப விட்டால் சண்டை புதிதாகத் தொடங்கும். எடுத்தால் எடுத்ததுதான்.

மூன்றாவது, கணக்கைக் காப்பது. எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். இனம் பெருக்கும் எண்ணமில்லாதவர்களுக்கு ஒன்றுகூடத் தேவையில்லை. சேவல் இல்லாமலும் பெட்டை முட்டையிடும், அது பொரிக்காது, அவ்வளவே. உடல் அளவையும் பாருங்கள். ஒன்றரைக் கிலோப் பெட்டையின் முதுகில் மூன்று, நாலு கிலோ இறைச்சிக் கோழிச் சேவலை ஏறவிடுவது கொடுமை.

நான்காவது, இடம் கொடுப்பது. தீனித் தட்டை ஒரே இடத்தில் வைத்தால் விடலைகள் அங்கேயே மடக்கும். இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். பெட்டை ஏறித் தப்ப உயரத்தில் கம்புகள், ஒளிந்துகொள்ள செடி மறைவு, சாய்த்துவைத்த பலகை, இவை செலவில்லாதவை. காலையில் கூட்டைத் திறக்கும்போது சேவல்களை முதலில் வெளியே விட்டு, கொஞ்சம் தள்ளி நெல்லைத் தூவுங்கள். அவை அங்கே போனபிறகு பெட்டைகள் இறங்கட்டும்.

ஐந்தாவது, காயத்தைக் கவனிப்பது. முதுகை மட்டும் பார்த்தால் போதாது. பெட்டையைக் கையில் எடுத்துச் சிறகைத் தூக்கிப் பாருங்கள். சேவலின் கால்முள் கிழித்த புண் சிறகின் அடியில் மறைந்திருக்கும். நம் வெயிலுக்கும் மழைக்கும் அந்தப் புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைக்க அதிக நேரம் ஆகாது. உப்புநீரால் கழுவி, ஆறும்வரை பெட்டையைத் தனியே வையுங்கள். ஆழமான புண்ணைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சேவலின் கால்முள் நீண்டிருந்தால் நுனியை மட்டும் அரம் கொண்டு மழுக்குங்கள். உள்ளே உயிர்ச்சதை இருக்கிறது, அடியோடு வெட்டினால் ரத்தம் கொட்டும். வேரோடு விழுந்த இறகு சில வாரங்களில் முளைத்துவிடும். பாதியில் ஒடிந்த இறகு, அடுத்த இறகுதிர் காலம் வரும்வரை அப்படியே நிற்கும். அதுவரை அந்தப் பெட்டையின் முதுகுக்குப் பாதுகாப்பு இல்லை.

மிஞ்சிய சேவல்களை என்ன செய்வது? வளர்த்தவர் உண்ணலாம், விற்கலாம், காணிக்கை தரலாம். பக்கத்துத் தோட்டத்தில் இருப்பவரோடு மாற்றிக்கொள்ளலாம். அதனால் அப்பன் மகள் என்று ஒரே ரத்தத்துக்குள் பெருகுவதும் குறையும். வாங்கி வரும் சேவலை இரண்டு வாரமாவது தனியே வைத்து, நோய் இல்லை என்று தெரிந்தபிறகு சேருங்கள். சேவல் சண்டைக்குக் கேட்டு வருபவர்களுக்கு மட்டும் கொடுக்காதீர்கள். 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டம் விலங்குகளைச் சண்டைக்கு விடுவதைக் குற்றமாக்கியிருக்கிறது. கண்ணும் காலும் கிழிந்து சாக விடுவதற்கா குஞ்சிலிருந்து தீனி போட்டோம்?

அன்பர்களே, இந்த வட்டாரத்தில் கம்பத்துக் கோழியை இத்தனை காலம் காப்பாற்றியவர்கள் தோட்டத்துத் தாய்மார்கள். பால் வெட்டிவிட்டு, களை எடுத்துவிட்டு வந்து, அந்திநேரத்தில் கோழிகளை எண்ணிக் கூட்டில் அடைத்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு எந்தப் பெட்டை நல்ல தாய் என்று தெரியும், எந்தச் சேவல் குஞ்சைக் கொத்தும் என்று தெரியும். அந்தப் பார்வையை அடுத்த தலைமுறை கற்றுக்கொள்ள வேண்டும். வீட்டில் பாட்டி இருந்தால், மாலையில் பிள்ளைகளை அவர் பக்கத்தில் உட்காரவைத்துக் கோழிகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வருகிற தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே இதைத் தொடங்குங்கள். மாலை நேரத்தில் இரண்டு வாரம் சேவல்களைக் கவனியுங்கள். பெட்டையை அழைத்து ஊட்டும் சேவலின் காலில் ஒரு வண்ண நூலைக் கட்டுங்கள். வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள், நூல் கட்டிய சேவலின்மேல் யாரும் கை வைக்கக் கூடாது என்று. மற்றவற்றைப் பிரித்தவுடனே முட்டையை அடை வைத்துவிடாதீர்கள். பழைய சேவலின் விந்து பெட்டையின் உடலில் இரண்டு மூன்று வாரம்வரை உயிரோடு இருக்கும். மூன்று வாரம் கழித்து எடுக்கும் முட்டைகளை அடை வையுங்கள். அந்த ஈட்டில் பொரிக்கும் குஞ்சுகளுக்கு நீங்கள் தேர்ந்தெடுத்த சேவலே தகப்பன்.